சிறிய நகரத்துக்குக் குடிபோகலாமா? வாசகர் கேள்வி – பதில்

சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பெருநகரத்தை விட்டு, செலவும் நெரிசலும் குறைந்த ஊருக்குப் போவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவும் அவற்றுக்கான பதில்களும்.

புதிய ஊரில் வாடகை இப்போது கொடுப்பதில் பாதிதான். ஆனால் சம்பளமும் குறையும். கையில் மிச்சம் கூடுமா, குறையுமா என்று எப்படிக் கணக்கிடுவது?

வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பிடித்தம் போக இப்போது கைக்கு வரும் மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு, கடந்த 6 மாத வங்கிக் கணக்கைப் பார்த்து உண்மைச் செலவை அதே பங்குகளில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் சில்லறைச் செலவுகள் விட்டுப்போகும்.

ஓர் உதாரணம். வாடகை 36, பள்ளியும் குழந்தைக் காப்பகமும் 15, சாப்பாடு 17, போக்குவரத்து 10, மற்றவை 14. மொத்தம் 92, மிச்சம் 8. இதே குடும்பம் சிறிய நகரத்துக்குப் போனால் வாடகை 18 ஆகிறது. காப்பகம், பள்ளிச் செலவு 12 ஆகலாம். சாப்பாடு 17-லேயே நிற்கும். மளிகை விலை ஊருக்கு ஊர் வாடகையைப் போல மாறுவதில்லை. போக்குவரத்து 15-க்கு ஏறும். பேருந்தும் ரயிலும் அடிக்கடி ஓடாத ஊரில் இரண்டாவது வண்டி தேவைப்படும், அதற்கு எரிபொருள், காப்பீடு, பழுதுச் செலவு எல்லாம் உண்டு. மற்றவை 14. பெற்றோரைப் பார்க்கவும் பழைய அலுவலகத்துக்கும் போய்வர 5. ஆக 81. வருமானம் 88 ஆகக் குறைந்தால் மிச்சம் 7 மட்டுமே. வாடகை பாதியாகியும் முன்பு இருந்ததைவிட ஒரு பங்கு குறைவு. இந்தக் குடும்பத்துக்கு எல்லைக்கோடு 89. சம்பளம் அதற்குக் கீழே போனால், பணத்துக்காகக் குடிபோவதில் பொருளில்லை. உங்கள் எல்லைக்கோடு எது என்று கண்டுபிடித்த பிறகு மற்றதைப் பேசுங்கள்.

அடுத்து, ஒருமுறைச் செலவு. லாரி வாடகை, புது வீட்டு முன்பணம், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை கொடுக்கும் ஒரு மாதம், ஊர் பார்க்கப் போய்வரும் செலவு, புதிய சன்னல்களுக்குப் பொருந்தாத திரைகள், ஒருவர் வேலை தேடும் வாரங்களில் வராத சம்பளம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அது 60 பங்கு, மாத மிச்சம் 5 பங்கு கூடுகிறது என்றால், போட்டதை எடுக்கவே 12 மாதம் ஆகும். முன்பணம் திரும்பி வரும் பணம்தான், ஆனால் அதுவரை கையில் இருக்காது.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. இப்போதுள்ள வேலை போய்விட்டால், புதிய ஊரில் இருந்தபடியே சேரக்கூடிய இன்னொரு வேலை இருக்கிறதா? பெருநகரத்தின் கூடுதல் வாடகையில் ஒரு பகுதி, ஒரு வேலை போனால் அடுத்ததை அருகிலேயே தேடிக்கொள்ளும் வசதிக்காகக் கொடுப்பது. வேலை தேடும் தளங்களில் உங்கள் துறையையும் அந்த ஊரையும் போட்டு 2 மாதம் தொடர்ந்து கவனியுங்கள். உங்கள் தகுதிக்கு ஒரே நிறுவனம்தான் திரும்பத் திரும்ப விளம்பரம் தருகிறது என்றால், 6 மாதக் குடும்பச் செலவைத் தனியாகச் சேர்த்து வைக்காமல் கிளம்ப வேண்டாம்.

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அது போதாதா?

போதாது. மேலாளர் மாறலாம், நிறுவனத்தின் கொள்கையும் மாறலாம். மனிதவளத் துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். மாதத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும், அந்தப் பயணச் செலவு யாருடையது, இருப்பிடத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பார்களா, திரும்ப அழைத்தால் எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு 30 நாள் அவகாசம் போதாது, 90 நாளாவது கேளுங்கள். மாநில எல்லையையோ நாட்டு எல்லையையோ தாண்டிப் போவதாக இருந்தால் வரி, சமூகக் காப்பு, தொழிலாளர் சட்டம் எல்லாம் மாறக்கூடும். அதை நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் போவது பின்னால் பெரிய சிக்கலைக் கொண்டுவரும்.

இணைப்பு விஷயத்தில், ஊருக்கு ஃபைபர் வந்திருக்கிறது என்ற பேச்சை நம்பாதீர்கள். நீங்கள் குடிபோகும் அந்த வீட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் யாராவது பயன்படுத்தினால், மாலை 7-லிருந்து 10 மணிக்குள் வேகத்தைச் சோதித்துக் காட்டும்படி கேளுங்கள். எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரம் அது. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறக்கும் வேகம். வீடியோ கூட்டத்தில் உங்கள் முகம் உறைந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றும் வேகம் போதாதது. தெளிவான படத்துக்கு ஒருவருக்கு வினாடிக்கு 4 மெகாபிட் வரை வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் கூட்டத்தில் இருந்தால் அதற்கு இரண்டு மடங்கு. மின்வெட்டு உள்ள பகுதியானால் ரவுட்டருக்கு மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கிவிடலாம். ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பும் கையில் இருக்கட்டும்.

விடுமுறைக்குப் போனபோது அந்த ஊர் எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மறுபடி ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். விடுமுறைக்குப் போகிறவர் நல்ல பருவத்தில் போகிறார், கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அந்த ஊரின் மோசமான பருவத்தில், கொளுத்தும் வெயிலோ அடைமழையோ கடுங்குளிரோ, 2 வாரம் வீடு எடுத்துத் தங்குங்கள். நாட்கள் வேலை நாட்களாக இருக்கட்டும். காலை 8 மணிக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கு, அங்கிருந்து வேலையிடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். நீங்களே சமையுங்கள், துணி துவையுங்கள், அலுவலக வேலையையும் அங்கிருந்தே பாருங்கள்.

மருத்துவத்தைத்தான் எல்லோரும் மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். குழந்தை மருத்துவர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்காதீர்கள். குழந்தைகளை உள்நோயாளியாகச் சேர்க்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவு 2 மணிக்கு அங்கே யார் இருப்பார், மருந்துக்கடை எத்தனை மணிக்கு மூடுகிறது என்று கேளுங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டம் இருந்தால், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே என்பதும் தெரிய வேண்டும். பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை போல வாரந்தோறும் தொடரும் சிகிச்சையில் உங்கள் பிள்ளை இருந்தால், புதிய ஊரில் முதல் சந்திப்புக்கு நாள் கிடைத்த பிறகே லாரிக்குச் சொல்லுங்கள். நாள் கிடைக்கவில்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அங்கே வீட்டு விலை மிக மலிவு. போனவுடன் வாங்கிவிடலாமா?

ஓராண்டு வாடகைக்கு இருங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், எந்தப் பக்கத்தில் இரவெல்லாம் சத்தம் என்பது எல்லாப் பருவங்களையும் கடந்தால்தான் தெரியும். அமைதியான ஊரில் வீடு விற்கவும் நாளாகும். மலிவு என்று அவசரப்பட்டு வாங்கியவர், திரும்ப வேண்டி வந்தால் அந்த வீட்டை விட்டு நகர முடியாமல் நிற்பார்.

மகனுக்கு 4 வயது, மகளுக்கு 9. எந்த மாதத்தில் போவது நல்லது? அவர்களிடம் எப்போது சொல்வது?

கல்வியாண்டு முடிந்த மறுநாளே கிளம்புவது வசதி என்று பலரும் நினைக்கிறார்கள். நீண்ட விடுமுறையின் தொடக்கத்தில் போய் இறங்கினால், தெரிந்த ஒரு குழந்தைகூட இல்லாமல் வாரக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது மகள்தான். பள்ளி திறப்பதற்கு 2 அல்லது 3 வாரம் முன்பாகப் போய்ச் சேருவது நல்லது. வீடு ஓரளவு ஒழுங்காகிவிடும், தனிமையும் நீளாது. ஆனால் பள்ளியில் இடம் கிடைத்ததற்கான கடிதம் அதற்குப் பல மாதம் முன்பே கையில் இருக்க வேண்டும். பாடத்திட்டம் மாறுகிறதா, மொழிப்பாடம் மாறுகிறதா என்று கேளுங்கள். 9 வயதில் கணக்கில் ஒரு பாடப்பகுதி விட்டுப்போனால் விடுமுறையில் ஈடுகட்டிவிடலாம். புதிதாக ஒரு மொழியைத் தொடங்க வேண்டியிருந்தால் 6 மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

மகளிடம் முடிவெடுத்தவுடன் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் தொலைபேசியில் பேசுவது அவள் காதில் எப்படியும் விழும். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும், தன் அறையை எப்படி அமைப்பது, எந்தத் தோழியிடம் எப்போது பேசுவது என்பதெல்லாம் அவள் கையில் இருக்கட்டும். மகனுக்கு 3 அல்லது 4 வாரம் முன்பு சொன்னால் போதும். 4 வயதில் ‘அடுத்த வருஷம்’ என்பது பிடிபடாது. பெட்டி கட்டும்போது அவனுடைய பொம்மைகளைக் கடைசியில் எடுத்து, அங்கே போனதும் முதலில் பிரியுங்கள். எல்லாம் அவனோடு வருகின்றன என்பதைக் கண்ணால் காண வேண்டும். தூங்கும் நேரம், தூங்கவைக்கும் கதை, போர்வை எதுவும் மாற வேண்டாம். பழைய போர்வையைத் துவைத்து மணத்தைக்கூடப் போக்காதீர்கள். புதுக் கட்டில், தனி அறையில் படுக்கவைப்பது, பால்புட்டியை நிறுத்துவது போன்றவற்றை இடமாற்றத்துக்கு முன்னும் பின்னும் 2 மாதம் ஒத்திவையுங்கள். போன பிறகு படுக்கையை நனைப்பது, மழலை திரும்புவது, ஒட்டிக்கொண்டே இருப்பது எல்லாம் சில வாரம் நடக்கக்கூடும். திட்டாமல் விட்டால் பெரும்பாலும் தானே சரியாகும். 2 மாதத்துக்கு மேலும் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாமான் ஏற்றி இறக்குவதில் எங்கே பொருட்கள் உடைகின்றன, பணம் போகிறது?

தொலைபேசியில் சொன்ன தொகைக்கு ஒப்புக்கொள்வதில் தொடங்குகிறது. நேரிலோ வீடியோவிலோ ஒவ்வொரு அறையையும் காட்டி, சாமான் பட்டியலோடு மதிப்பீடு வாங்குங்கள். பரணும் பால்கனியும் விட்டுப்போனால் ஏற்றும் நாளில் தொகை கூடும். மாடிப்படி, லாரி நுழைய முடியாத தெரு, இறக்கும் இடத்தில் காத்திருக்கும் நேரம் மூன்றுக்கும் கூடுதல் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பல நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை. ஆகவே கண்ணாடி, பீங்கான், டிவி மூன்றையும் அவர்களையே கட்டச் சொல்லுங்கள், துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டுங்கள்.

புத்தகத்துக்குச் சிறிய பெட்டிதான் சரி. 40×30×30 சென்டிமீட்டர் பெட்டியை நிரப்பினாலே 20 கிலோவைத் தொட்டுவிடும். பெரிய பெட்டியில் போட்டால் தூக்கும்போது அடி பிய்ந்துகொள்ளும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். அடுக்கி வைத்தால் குலுங்கும்போது மேலுள்ள பாரமெல்லாம் அடித்தட்டில் இறங்கும்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனியை உருகவிட்டு, உள்ளே துடைத்துவிடுங்கள். நின்ற நிலையிலேயே வர வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும், உடனே சுவிட்சைப் போட்டால் கம்ப்ரஸர் கெடக்கூடும். நின்றபடி வந்திருந்தால் சில மணி நேரமும், படுத்து வந்திருந்தால் 24 மணி நேரமும் விட்டுப் பிறகு இயக்குங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் டிரம்மைப் பிடித்துக்கொள்ளும் போல்ட்டுகள் வாங்கும்போதே கூட வந்திருக்கும். அவற்றைப் பின்புறம் மாட்டாமல் ஏற்றினால் வழியெல்லாம் டிரம் ஆடி, அதைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் பழுதாகும். இறக்கிய பிறகு அந்தப் போல்ட்டுகளைக் கழற்ற மறந்து ஓட்டுவது அதைவிடப் பெரிய சேதம்.

லாரியில் போகக் கூடாதவற்றை ஒரு பைக்குள் போட்டு உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்: பிறப்புச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், நகை, மருத்துவர் எழுதிய சிகிச்சைச் சுருக்கம், அன்றாட மருந்து 30 நாளுக்கு. தடுப்பூசி அட்டையின் படம் ஒன்று தொலைபேசியிலும் இருக்கட்டும். அட்டை தொலைந்தால், எது போட்டது, எது போடவில்லை என்று தெரியாமல் சில ஊசிகளை மறுபடி போட வேண்டி வரலாம்.

கணவருக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது. நான் என் வேலையை விட்டுப் போகிறேன். அங்கே யாரையும் தெரியாது. முதல் சில மாதங்களை எப்படிச் சமாளிப்பது?

கிளம்பும் முன் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம் பணம். உங்கள் சம்பளம் நிற்கும் மாதத்திலிருந்து, கேட்டு வாங்க வேண்டிய நிலை இல்லாமல், உங்கள் கணக்குக்கு மாதந்தோறும் ஒரு தொகை தானாக வரும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். இது இல்லாமல் போனால், ஊர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மனக்கசப்பு வந்துவிடும்.

வேலை தேடுவதை அங்கே போய்த் தொடங்காதீர்கள். 3 மாதம் முன்பே விண்ணப்பங்களை அனுப்புங்கள். குழந்தைக் காப்பகத்தை வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் நாளில் குழந்தையை விட இடம் இருக்காது. வாரத்தில் 2 அரை நாளுக்காவது முதல் வாரத்திலேயே இடம் பிடியுங்கள்.

பழக்கம் ஒருமுறை பார்த்துப் பேசுவதால் வருவதில்லை. ஒரே மனிதரை வாரந்தோறும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் வருகிறது. ஆகவே நூலகக் கதை நேரம், நீச்சல் வகுப்பு, பூங்கா என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, 8 வாரம் விடாமல் ஒரே நாளில், ஒரே வேளையில் போங்கள். பள்ளியில் அவசரத் தொடர்புக்குக் கொடுக்க, உள்ளூரில் இன்னொருவரின் எண் வேண்டியிருக்கும். அக்கம்பக்கத்தில் அப்படி ஒருவரைத் தேடுவதை முதல் மாத வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

6-ஆம் மாதத்திலும் 10-ஆம் மாதத்திலும் இருவரும் ஊரைப் பற்றி மனம்விட்டுப் பேச ஒரு நாளை இப்போதே குறித்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தம் முடிவதற்கு 2 மாதம் முன்பாக அந்த இரண்டாவது நாள் வருவது நல்லது. நீடிப்பதா, திரும்புவதா என்று வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய கெடு அப்போதுதான் தவறாது.