பச்சைக்கல் பிரமிடு

கேள்வி: ஓடு விலகி ஒரு ஆடி மழை நனைந்தாலே, எங்கள் பக்கத்துப் பழைய பச்சைக்கல் (சூளையில் சுடாத மண்கல்) சுவர்கள் கரைந்து உட்கார்ந்துவிடுகின்றன. பெரு நாட்டில் சுடாத கல்லாலேயே கட்டிய பிரமிடு ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறதாமே, மண்ணில் எதையாவது கலந்தார்களா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நீங்கள் குறிப்பிடுவது, பெருவின் வடகடற்கரையில் ட்ருஹியோ நகருக்கு அருகே பண்டைய மோச்சே மக்கள் எழுப்பிய ஹுவாக்கா தெல் சோல் என்னும் கட்டடமாக இருக்க வேண்டும். அது நிற்பதற்குக் காரணத்தை மண்ணில் தேட வேண்டியதில்லை; வானத்தில்தான் தேட வேண்டும். கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் காற்றை மேலெழவிடாமல் தடுப்பதால் மழைமேகம் திரள்வதில்லை; அதனால் கடலோரமாக இருந்தும் அப்பகுதி பாலைவனமாகவே கிடக்கிறது. கடல்நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் மட்டும் பெருமழை கொட்டும். பிரமிடின் சரிவுகளில் காணப்படும் ஓடை போன்ற பள்ளங்கள் அம்மழைகள் அறுத்தவையே. ஆகவே, உங்கள் ஊர்ச் சுவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அந்தப் பிரமிடைப் பாலக்காட்டுக் கணவாயில் கொண்டுவந்து வைத்தால் அதுவும் கரையத்தான் செய்யும்.

கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 13 கோடிக்கும் மேற்பட்ட கற்கள் இதில் அடுக்கப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு. அவற்றுள் பலவற்றில், மண் ஈரமாக இருந்தபோதே இட்ட புள்ளி, கோடு, வட்டம், கால்தடம் போன்ற குறிகள் உள்ளன. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட குறிகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒரே குறியுள்ள கற்கள் ஒரே பகுதியில் சேர்ந்திருப்பதால், ஒவ்வோர் ஊராரும் தம் பங்குக்கு உரிய கல்லை அறுத்து, தமக்கு ஒதுக்கிய பகுதியைத் தாமே கட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வரியைக் காசாக வாங்காமல் உழைப்பாக வாங்கிய ஏற்பாடு அது.

இருப்பினும், இன்று நாம் காண்பது முழுப் பிரமிடு அன்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உள்ளே புதைந்திருக்கும் பொன்னை எடுக்க விரும்பிய ஸ்பானியர்கள், கடப்பாரையால் தோண்டுவது ஆகாத வேலை என்று கண்டு, மோச்சே ஆற்றையே அதன் அடிவாரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த வெள்ளத்தோடு போயிற்று. எல் நினோ மழைகள் ஆயிரம் ஆண்டுகளில் செய்யாததை அந்த ஆறு செய்து முடித்தது.

கேள்வி: எகிப்தில் உள்ளதுபோல இதுவும் அரசனின் கல்லறைதானா?
- வாசகர், வேலந்தாவளம்

பதில்: அப்படிச் சொல்வதற்கில்லை. ஹுவாக்கா தெல் சோல் ஆட்சி அலுவல்களுக்குப் பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள். சற்றுத் தொலைவில், செர்ரோ பிளாங்கோ என்ற குன்றின் அடியில் நிற்கும் ஹுவாக்கா தெ லா லூனாதான் வழிபாட்டிடம். அங்கே பழைய கோயிலை இடிக்காமல், அதைப் பச்சைக்கல்லால் நிரப்பி மூடி, அதன்மேல் புதியதைப் பலமுறை எழுப்பினார்கள். 1991 முதல் நடந்த அகழாய்வில், அப்படி மூடப்பட்ட சுவர்களில் கோரைப்பல் கொண்ட தெய்வத்தின் முகம் சிவப்பும் மஞ்சளும் மங்காமல் வெளிப்பட்டது. அரச கல்லறையைப் பற்றி அறிய விரும்பினால், 1987-இல் தொல்லியலாளர் வால்டர் ஆல்வா குழுவினர் சிப்பான் என்ற இடத்தில் கண்டெடுத்த மோச்சே தலைவனின் புதைகுழியைப் பற்றிப் படியுங்கள். பொன்னும் வெள்ளியும் குவிந்திருந்த அதுவும் ஒரு பச்சைக்கல் மேடைக்குள்தான் இருந்தது.