கிரேக்கர்களிடம் கேட்பதென்றால் நான் தியோஃபிராஸ்டஸிடம் கேட்பேன்

கேள்வி: வாழ்க்கையைப் பற்றியும் மனித இயல்பைப் பற்றியும் பண்டைக் கிரேக்கர்கள் சொன்னதில் இன்றைக்கும் உருப்படியாக எது தேறும்?

சாக்ரடீஸ், ஸ்டோயிக்குகள் என்ற தத்துவக் கூட்டம், 'உன்னையே அறிந்துகொள்' என்று மற்ற பதில்கள் வரிசை கட்டி வரும், வரட்டும். சாக்ரடீஸ் தன் கைப்பட ஒரு நூல்கூட எழுதிவைக்கவில்லை, அவர் படத்தைப் போட்டுச் சுற்றுகிற பொன்மொழிகள் பல பழைய நூல் எதிலும் இல்லை, இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு படித்தால் சரி.

நான் சொல்ல நினைப்பது தியோஃபிராஸ்டஸை. லெஸ்போஸ் தீவில் எரெசோஸ் என்ற ஊரில் கி.மு. 371 வாக்கில் பிறந்தவர், அரிஸ்டாட்டிலின் மாணவர். அரிஸ்டாட்டில் ஏதென்ஸை விட்டுப் போன பிறகு அவருடைய லைசியம் பள்ளியைச் சுமார் 35 ஆண்டுகள் நடத்தியது இவர்தான். தாவரவியலின் தந்தை என்றும் இவரைச் சொல்வார்கள். அலெக்சாண்டர் படையோடு இந்தியா வரை போனவர்கள் கொண்டுவந்த தகவல்களை வைத்துக்கொண்டு, கிளையிலிருந்தே வேர் இறக்கி மண்ணில் ஊன்றிக்கொள்ளும் ஒரு அத்தி வகை மரத்தை எழுதியிருக்கிறார். நம் ஆலமரம்தான் அது, விழுதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். செடிகொடியைப் பார்த்த அதே கண்ணை ஏதென்ஸ் தெருவில் போகிற வருகிற மனிதர்கள் பக்கம் திருப்பி அவர் எழுதிய சின்னப் புத்தகம்தான் 'குணச்சித்திரங்கள்'.

மொத்தம் 30 பேர். ஒருத்தருக்கும் பெயர் கிடையாது. ஜால்ரா, வாயாடி, கருமி, சந்தேகப் பிராணி, பீற்றல்காரன் என்று ஆளுக்கு ஒன்றிரண்டு பக்கம். முதலில் அந்தக் குணம் என்ன என்று ஒரு வரி, அப்புறம் அப்படிப்பட்டவன் என்னென்ன செய்வான் என்று அடுக்கிக்கொண்டே போவார். ஏன் அப்படி இருக்கிறான், எப்படித் திருத்துவது, ஒரு வார்த்தை வராது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

17-வது ஆளைப் பாருங்கள், எதற்கெடுத்தாலும் குறைப்படுகிறவன். நண்பர் விருந்திலிருந்து அவனுக்கென்று ஒரு பங்கு கொடுத்தனுப்புகிறார். கொண்டுவந்தவனிடம், "குழம்பும் மட்டமான மதுவும் கொடுக்க மனசில்லாமல்தானே என்னை அழைக்கவில்லை" என்கிறான். வழியில் பணப்பை கிடைத்தால், புதையல் மட்டும் எனக்குக் கிடைத்ததே இல்லை என்பான். மழை பெய்தால் கடவுள் மேல் கோபம், பெய்ததற்கு இல்லை, முன்னாடியே பெய்யாததற்கு! வழக்கில் தீர்ப்புச் சொல்கிறவர்களின் ஓட்டு ஒன்றுகூடக் குறையாமல் ஜெயித்துவிட்டு, வாதத்தை எழுதிக் கொடுத்தவரிடம் நிறைய பாயிண்டை விட்டுவிட்டாய் என்று சண்டைக்குப் போகிறான். கடைசியில் நண்பர்கள் சேர்ந்து அவனுக்காகப் பணம் திரட்டிக் கொடுத்து, இனியாவது சந்தோஷமாக இரு என்கிறார்கள். எப்படி இருப்பது, எல்லாருக்கும் திருப்பித் தரவேண்டும், போதாததற்கு உதவி செய்தார்கள் என்று நன்றி வேறு காட்டவேண்டுமே என்கிறான்.

இந்தக் கடைசி வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். வாங்கிய கடனைவிட நன்றிக்கடன் உறுத்துகிறது, அதனால்தான் உதவி செய்தவர் மேலேயே எரிச்சல் வருகிறது. இதை அவர் விளக்கவில்லை, அந்த ஆளைப் பேசவிட்டதோடு சரி. குறை முதலில் வந்துவிடுகிறது, அதற்கான காரணத்தைப் பிறகுதான் தேடுகிறோம் என்பது எனக்கு இந்த ஆளைப் பார்த்துத்தான் பிடிபட்டது. சொந்தக்காரர்களுக்குள் நடக்கும் பாதி மனஸ்தாபம் இதில் அடங்கிவிடும்.

அடுத்தவன், 18, சந்தேகப் பிராணி. சாமான் வாங்க ஒரு அடிமையை அனுப்பிவிட்டு, என்ன விலைக்கு வாங்கினான் என்று பார்க்க இன்னொருவனை அனுப்புகிறான். ராத்திரி படுத்த பிறகு மனைவியிடம் பெட்டியைப் பூட்டினாயா, அலமாரிக்கு முத்திரை வைத்தாயா, வாசல் கதவுக்குத் தாழ் போட்டாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறாள். அப்படியும் போர்வையை உதறிவிட்டு உடம்பில் துணியில்லாமல், செருப்பில்லாமல் விளக்கை ஏற்றிக்கொண்டு ஓடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தும் தூக்கம் வருவதில்லை. 2,300 வருஷத்துக்கு முந்தைய ஆள் என்று சொன்னால்தான் தெரியும். (கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று எழுந்து போகிற ஆட்கள் நம்மிலும் உண்டு, நான் உட்பட.)

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மனைவி ஒரு செப்புக்காசைத் தவறவிட்டதற்குக் கட்டில், பெட்டி எல்லாவற்றையும் நகர்த்தித் தேடுகிற கருமி. வளர்க்கிற பறவைக்குக் குட்டி ஏணியும் வெண்கலக் கேடயமும் செய்துகொடுத்து, அது கேடயத்தோடு ஏணியில் தத்தி ஏறுவதைப் பார்த்துப் பெருமைப்படுகிற அல்பன். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தெரியாதவர்களிடம் இது எங்கள் பூர்வீக வீடு, விருந்தாளிகள் தாங்கவில்லை, விற்கப்போகிறேன் என்று அளக்கிறவன்.

ஒரேயடியாகத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். எல்லாரும் ஆண்கள், பெண்கள் ஓரமாகத்தான் வருகிறார்கள். சமயம் தெரியாமல் பேசுகிறவன் ஒருவன் இருக்கிறான், 12-வது ஆள். யாரோ தன் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று, என்னிடம் இருந்த ஒருவன் இப்படி அடிவாங்கித்தான் தூக்குப் போட்டுக்கொண்டான் என்று கதை சொல்கிறான். தியோஃபிராஸ்டஸ் கண்ணுக்கு அங்கே தப்பாகப் படுவது அவன் பேசிய நேரம், சாட்டை அல்ல. இத்தனை கூர்மையான கண்ணுக்கும் அது தெரியவில்லை என்பதை மனித இயல்பு பற்றிய பாடமாக நானே சேர்த்துக்கொண்டேன்.

படிப்பதாக இருந்தால் ஒரு மாலைப் பொழுது போதும், ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வரிசையாகப் போகவேண்டியதில்லை, 17, 18 இரண்டையும் முதலில் படியுங்கள். முன்னுரையைத் தாண்டிவிடுங்கள். இளைஞர்கள் நல்லவர்களாக வளர இதை எழுதினேன், எனக்கு 99 வயது என்று அதில் இருக்கும். அது பின்னால் யாரோ ஒட்டவைத்தது என்பதுதான் ஆய்வாளர்கள் முடிவு, அவர் 85-ல் இறந்துவிட்டார் என்று பழைய வரலாறு சொல்கிறது. சில சித்திரங்களின் கடைசியில் நீதி போல வரும் வரிகளும் அதே மாதிரி பிற்காலச் சரக்குதான்.