உறுதியாக நினைவிருக்கிறது, ஆனால் நடந்ததா? – வாசகர் கேள்வி பதில்

அப்பா தவறிய அன்று ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தது நான்தான். எனக்குக் கண்முன்னே நிற்கிறது. அக்காவோ, "நீ அப்ப வீட்டுல இருந்தடி, நான்தான் கூட இருந்தேன்" என்று சத்தியம் செய்கிறாள். வருஷக்கணக்காக இதே பேச்சு. எங்களில் யார் பொய் சொல்கிறோம்?
– வாசகி, திண்டுக்கல்

யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்குத் தவறாக நினைவிருக்கலாம், இருவருக்குமே கூட. யார் அதிக உறுதியோடு பேசுகிறார் என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர்கள் உல்ரிக் நைஸரும் நிக்கோல் ஹார்ஷும், "செய்தியை எங்கே, யார் சொல்லி, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள்?" என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். 11 பேரின் பதிலில் முக்கிய விவரம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எல்லாம் பொருந்தியது 3 பேருக்குத்தான். ஆனால் "எவ்வளவு உறுதி?" என்றதற்கு ஐந்துக்குச் சராசரியாக நான்குக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். அவரவர் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு யாருக்கும் திரும்பவில்லை.

காரணம் மூளை வேலை செய்யும் விதம். பார்த்தது, கேட்டது, பட்ட துக்கம் எல்லாம் மூளையில் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. அவற்றைக் கோத்துவைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி. நினைக்கும்போதெல்லாம் மூளை அந்தத் துண்டுகளைப் புதிதாகச் சேர்க்கிறது. இடையில் துண்டு இல்லாவிட்டால், "இப்படித்தான் இருந்திருக்கும்" என்பதும் பிறகு காதில் விழுந்ததும் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சுலபமாகத் தொலைவது, ஒரு விஷயம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பது. அந்த மாணவர்களிலும் "முதலில் டி.வி.யில்தான் பார்த்தேன்" என்றவர்கள் காலப்போக்கில் கூடிப்போனார்கள். திரும்பத் திரும்ப டி.வி.யில் பார்த்த காட்சி முதல் நாளுக்குள் புகுந்துவிட்டது. உங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றி எத்தனை முறை பேசியிருப்பீர்கள்! அக்கா சொல்லக் கேட்டது உங்களுக்கும், நீங்கள் சொல்லக் கேட்டது அக்காவுக்கும் காட்சியாகவே மாறியிருக்கலாம்.

ஒன்று செய்யுங்கள். இருவரும் தனித்தனியே, பேசிக்கொள்ளாமல் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பார்த்தேன்', 'சொன்னார்கள்', 'இருந்திருக்கும்' என்று குறியுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உள்ள நேரம், பில், பஸ் டிக்கெட், அன்று வந்துபோன உறவினர் என்று ஒப்பிடுங்கள். ஆதாரம் கிடைக்காததை அப்படியே விட்டுவிடுங்கள். அப்பாமேல் யாருக்குப் பாசம் அதிகம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சாலை விபத்து ஒன்றை நேரில் பார்த்தேன். சாட்சி சொல்ல வேண்டிவரும் என்கிறார்கள். பார்த்தது மாறிப்போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

இன்றே எழுதுங்கள். மற்ற சாட்சிகளிடம் பேசுவதற்கு முன், வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைப் பார்ப்பதற்கு முன். கேள்வியில் வரும் ஒரு வார்த்தையே நினைவை அசைக்கும். 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, சிலரிடம் "கார்கள் மோதியபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, 'மோதியபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் ஆமாம் என்றார்கள், 'நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை.

நீங்கள் நின்ற இடம், எத்தனை அடி தூரம், வெளிச்சம், கண்ணை மறைத்தது ஏதாவது, முதலில் சத்தம் கேட்டுத் திரும்பினீர்களா அல்லது மோதலையே பார்த்தீர்களா, இவற்றை முதலில் எழுதுங்கள். பலர் சத்தம் கேட்ட பிறகு திரும்பிவிட்டு, மோதலையே பார்த்ததாக நம்புகிறார்கள். வேகத்தை எண்ணில் ஊகிக்காதீர்கள். "முன்னால் போன பஸ்ஸை முந்தி வந்தது" என்று கண்டதைச் சொல்லுங்கள். தேதி, நேரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்காததைக் கேட்டால் "பார்க்கவில்லை" என்பதே சரியான பதில்.

எதையோ எடுக்க சமையலறைக்குப் போகிறேன். போனதும் எதற்கு வந்தேன் என்றே மறந்துவிடுகிறது. வியாதியா?
– வாசகி, வேலூர்

இல்லை. இடம் மாறினால் கவனமும் மாறுகிறது, அவ்வளவுதான். கிளம்பிய இடத்துக்குத் திரும்பிப் போய் நின்று பாருங்கள், சில சமயம் நினைவு வரலாம்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். ஐந்து தடவை படித்தும் தேர்வறையில் குழம்புகிறது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தமா 74ஆவதா என்பதிலேயே தடுமாறுகிறேன்.
– வாசகர், தேனி

ஐந்து தடவை படித்ததுதான் பிரச்சினை. மறுபடி படிக்கும்போது வரிகள் பழகிப்போவதால் "தெரியும்" என்று தோன்றுகிறது. தேர்வறையில் தேவைப்படுவது பார்க்காமல் எடுத்துச் சொல்வது. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதமும், ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும் நினைவிருந்தது.

இரண்டு பக்கம் படியுங்கள். புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் வந்ததை எல்லாம் எழுதுங்கள். திணறும்; திணறினாலும் ஒரு நிமிடமாவது பொறுத்த பிறகு திறந்து பாருங்கள். தவறை சிவப்பு மையில் திருத்துங்கள். அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து, அந்தச் சிவப்புப் பகுதியை மட்டும் மறுபடி எழுதுங்கள். இந்த இடைவெளிகளைத் தேர்வுத் தேதிக்கு ஏற்ப நீட்டலாம், குறைக்கலாம். தூக்கத்தை வெட்டாதீர்கள், படித்தது உறுதிப்படுவதற்குத் தூக்கம் தேவை.

73, 74 குழம்புவது ஒன்றுபோல் இருப்பவை மோதுவதால். முதலில் ஒன்றை அசையாமல் பிடியுங்கள்: 73, பஞ்சாயத்து, 11ஆவது அட்டவணை, 29 பொருள்கள். அது வந்த பிறகே பக்கத்தில் 74, நகராட்சி, 12ஆவது அட்டவணை, 18 பொருள்கள் என்று எழுதி, வேறுபாட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. பெயர்கள் மறக்கின்றன, கண்ணாடியைத் தேடுகிறார். எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

பெயர் நாக்கு நுனியில் நின்று பிறகு வருவதும், கண்ணாடியைத் தேடுவதும் வயதின் இயல்பு. கேட்டதை மறந்து அதே கேள்வியை ஒரு மணி நேரத்துக்குள் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, எப்போதும் பார்த்துவந்த பென்ஷன் கணக்கில் தடுமாறுவது ஆகியவை இருந்தால் காட்டுங்கள். அவருக்குத் தெரியாமல் உங்களுக்கு மட்டும் தெரிகிறது என்றால் இன்னும் சீக்கிரம். ஓரிரு நாளிலேயே திடீரென்று குழப்பம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். கிருமித்தொற்று, உப்பு அல்லது சர்க்கரை குறைவு, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம்.

சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு: பி12 குறைவு (பல வருஷம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் வரலாம்), தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை, தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் சளி–அலர்ஜி மாத்திரைகள். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும், கடையில் தானாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்; தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.