தோட்டத்தில் திடீரென இறந்த பூட்டனைப் பழைய பத்திரிகைகளில் தேட முடியுமா?

உங்கள் பூட்டன் தோட்டத்தில் ஏதோ விபத்தில் இறந்தார் என்று மட்டும் வீட்டில் சொல்கிறார்கள், பழைய பத்திரிகைகளையும் மரண விசாரணைப் பதிவுகளையும் வைத்து மேற்கொண்டு ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த தலவாக்கலைப் பக்கத்தில் இறந்த என் பூட்டனை அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஆனால் அவர் பெயரை வைத்துத் தேடியே இரண்டு வருடம் வீணாகப் போனது.

பெயரைத் தேடாதீர்கள், தோட்டத்தைத் தேடுங்கள். அந்தக் காலத்துச் செய்திகளில் நம் ஆட்களுக்குப் பல நேரம் பெயரே இருக்காது. 'இன்ன தோட்டத்துத் தொழிலாளி ஒருவர்' என்பதோடு முடிந்துவிடும். பெயர் இருந்தாலும் எழுதியவர் காதில் விழுந்தபடிதான் இருக்கும். தோட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு: நாம் கூப்பிடும் பெயர் ஒன்று, தோட்டத்தை நடத்திய துரைமார் கடதாசியில் இருப்பது வேறொன்று. தோட்டங்களைப் பட்டியல் போட்ட பழைய பெர்குசன் டைரக்டரியில் அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிவிசன் பெயரையும், அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவு என்பதையும், விட வேண்டாம்.

அடுத்து ஆண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் எந்த வருடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேளுங்கள். என் அப்பாவின் பெரிய அத்தை சொன்னது இவ்வளவுதான்: "ஓட்டுப் போட்டோமே, அந்த வருசம். தீவாளிக்கு முன்னாடி. ஆத்தோட போயிட்டாரு." எனக்கு அது போதும். தலவாக்கலைத் தொகுதியில் சி. வி. வேலுப்பிள்ளை வென்ற 1947 தேர்தல் அது. 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓட்டே இல்லை. அதனால் ஓட்டுப் போட்ட வருடம் என்று அத்தை சொன்னால் அது 1947ஆகத்தான் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னாடி என்றால் ஐப்பசி. பல வருட இதழ்களில் தேட வேண்டியது ஒரே மாதத்துக்குச் சுருங்கிவிட்டது.

சரி, மாதம் கிடைத்ததும் நேரே பத்திரிகைக்குப் போகாதீர்கள். முதலில் இறப்புச் சான்றிதழ் எடுங்கள். தோட்டம் இருக்கும் பகுதியின் பிரதேச செயலகத்தில், சரியான திகதி தெரியாவிட்டாலும் இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். கையில் வந்ததும் இறப்புக்கான காரணத்தை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தைப் பாருங்கள். என் பூட்டனுடையதில் அங்கே தோட்டத் துரையும் இல்லை, உறவினரும் இல்லை. திடீர் மரண விசாரணை அதிகாரியின் கையெழுத்து இருந்தது. விசாரணை நடந்திருக்கிறது என்று அங்கேதான் எனக்கு உறுதியானது.

விசாரணைக் கோப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நான் போன நீதிமன்றத்தில் அந்த ஆண்டுகளின் கோப்புகள் எதுவுமே மிஞ்சவில்லை. உங்களுக்கும் அப்படி ஆகலாம், மனம் தளர வேண்டாம். தொழிலாளர்களின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதிந்த தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களும் 1975இல் அரசு தோட்டங்களை எடுத்தபோதும், 1992இல் கம்பனிகள் கைக்குப் போனபோதும் பல இடங்களில் காணாமல் போயின. மிஞ்சுவது பத்திரிகைதான்.

கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய நாளிதழ்களைக் கட்டுக் கட்டாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. உங்கள் பூட்டன் அதற்கு முந்தியவர் என்றால் பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகைகளைத்தான் நம்ப வேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளத்திலும் ஒருமுறை பாருங்கள், எல்லா நாள் இதழும் இருக்காது. இறந்த திகதியோடு நிறுத்திவிடாமல் அப்புறம் மூன்று வாரமாவது புரட்டுங்கள். விசாரணைச் செய்தி தாமதமாகத்தான் வரும்.

எனக்கு, அவர் இறந்து பன்னிரண்டாம் நாள் வந்த இதழில் கிடைத்தது. உள்பக்கத்தில், ஒரு சைக்கிள் விளம்பரத்துக்குக் கீழே பதினான்கு வரி. தாள் அப்பளம் மாதிரி இருந்ததால் விரலை வைக்கவே பயமாக இருந்தது. பூட்டி சாட்சி சொல்லியிருக்கிறார்: டவுனுக்குப் போனவர் இருட்டியும் வரவில்லை. கங்காணி சொல்லியிருக்கிறார்: ஆற்றைக் கடக்கப் போட்டிருந்த பலகை முந்தின வாரமே வெள்ளத்தில் போய்விட்டது. விபத்து மரணம் என்று தீர்ப்பு. அந்தப் பலகையை ஏன் ஒரு வாரமாக மறுபடி போடவில்லை என்று யாரும் கேட்டதாக ஒரு வரி இல்லை. விசாரணை அதிகாரி தேடுவது மரணத்தின் காரணத்தை, பலகை போட வேண்டியவரை அல்ல. இதை மனதில் வைத்துப் படியுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. பூட்டி பேசியது தமிழில். அது ஆங்கிலத்தில் பதிவாகி, மறுபடி தமிழாகித்தான் அச்சுக்கு வந்திருக்கும். அதனால் அதில் இருப்பது அவர் சொன்ன விஷயமே தவிர, அவர் வாய்ச் சொல் அல்ல.

இந்திய வம்சாவளியினர் குடியுரிமை கேட்க வழிவிட்ட 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் குடும்பம் விண்ணப்பித்திருந்தால் அந்தப் பழைய கடதாசிகளையும் தேடுங்கள். இத்தனை வருடம் இங்கேதான் இருந்தோம் என்று காட்டுவதற்காக, இறந்தவர்களின் சான்றிதழ்களையும் சிலர் அதோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

பூட்டன் குடித்துவிட்டு விழுந்தார் என்றுதான் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பேச்சு. செய்தியில் குடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசி வரியில் இருந்தது வேறு: கரையோரக் கல் இடுக்கில் ஒரு துணிப் பொட்டலம் கிடைத்ததாம், உள்ளே ஒரு சேலையும் சிறுவனுக்கான சட்டை ஒன்றும். அந்தச் சிறுவன் என் தாத்தா. சாகும்வரை தீபாவளிக்கு அவர் புதுத்துணி உடுத்தியதே இல்லை, ஏன் என்று எங்களிடம் சொன்னதும் இல்லை. செய்தியை எழுதிக்கொண்டு வந்து அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சட்டை என்ன நிறம்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

போடவில்லை.