டெல்லிக்கு மாற்றல்: பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா?

சென்னையிலிருந்து வருகிறீர்கள், மகள் ஆறாம் வகுப்பு, மகன் நர்சரி என்கிறீர்கள். மத்திய அரசு வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், கேந்திரிய வித்யாலயாதான். மாற்றலாகும் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை. அடுத்த மாற்றலிலும் சிக்கல் இருக்காது.

இல்லையென்றால் மகளுக்கு இந்திதான் தலைவலி. டெல்லி அரசின் பள்ளிகள் பலவற்றில் பாடமே இந்தியில்தான். அதனால் முதலில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் விசாரியுங்கள். அரசு உதவி பெறுபவை, தமிழும் படிக்கலாம். லோதி எஸ்டேட், ஆர்.கே.புரம், ஜனக்புரி என ஏழு இடங்களில் இருக்கின்றன. கட்டடத்தின் பளபளப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்!

மகனுக்குத் தனியார் பள்ளி என்றால், நர்சரி சேர்க்கையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்குத்தான் பெரும்பாலும் அதிகப் புள்ளிகள். முகவரிச் சான்று கேட்பார்கள். ஆகவே பள்ளியை முடிவு செய்த பிறகே வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.