செக்கோஸ்லோவாக்கிய ஓநாய்நாய் வளர்க்க எப்படிப்பட்ட வேலி வேண்டும்?

ஓநாயின் அழகுக்காக இந்த நாயை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் 1955-இல் ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்பாத்திய ஓநாயையும் கலக்கத் தொடங்கிய முயற்சியில் உருவான இனம் இது. ஆண் நாய் தோள் உயரத்தில் குறைந்தது 65 செ.மீ. இருக்கும்.

வேலி 2 மீட்டர் உயரம் வேண்டும். வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) நல்லது. உச்சியில் அரை மீட்டரை உட்பக்கமாகச் சாய்த்துவிட்டால், தாவிப் பிடித்தாலும் ஏறிக் கடப்பது கடினம்.

அடிப்பக்கத்தில்தான் அதிகக் கவனம் தேவை. நாய் வேலியின் அடியை ஒட்டித்தான் தோண்டும். அதனால் உட்பக்கத் தரையில் 60 முதல் 90 செ.மீ. அகலத்துக்கு வலையைப் படுக்கவைத்து, வேலியோடு கம்பியால் இறுக்கிக் கட்டி, மேலே மண் போட்டு மூடுங்கள். நகம் வலையில் தட்டும்; பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட பெரும்பாலும் அதற்குத் தோன்றாது. கேட்டுக்கு அடியில் மட்டும் கான்கிரீட் போடுங்கள். கொண்டியை மூக்காலேயே தூக்கிவிடும், பூட்டு அவசியம்.

வேலி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், தனியாக விட்டால் இது வழி தேடிக்கொண்டே இருக்கும். குட்டியிலிருந்தே 2 நிமிடம், 5 நிமிடம் என்று தனிமைக்குப் பழக்குங்கள். பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லாதவர்கள் தயவுசெய்து இந்த இனத்தை எடுக்காதீர்கள்.