சூரியன் எந்தப் பக்கம்?

கே: ஜூலையில் நியூசிலாந்து போய் வந்ததாக எழுதியிருந்தீர்களே, ஆக்லாந்தில் இறங்கியதும் முதலில் மனதில் பட்டது எது? பச்சை மலைகள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ப: மலையெல்லாம் அப்புறம். நான் முதலில் செய்த காரியம் வழி தவறியது. துறைமுகம் வடக்கே என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன், போனில் சார்ஜ் இல்லை, சரி, சூரியன் இருக்கிறதே என்று குவீன் தெருவில் இறங்கி நடந்துவிட்டேன். நண்பகல், நல்ல குளிர். சூரியன் பாதி வானம்கூட ஏறாமல் சுமார் 30 டிகிரியில் சாய்ந்து கிடக்கிறது. குளிர்காலச் சூரியன் தெற்கேதான் சாயும் என்று பழகிய மூளை, அதற்கு முதுகைக் காட்டி நட என்றது. நடந்தேன். தெரு ஏறிக்கொண்டே போகிறது. கடலுக்குப் போகிற வழி எங்கேயாவது மேடாகுமா என்று அப்போதாவது தோன்றியிருக்க வேண்டும். மேலே கரங்கஹாபே சாலை வந்ததும் மூச்சு வாங்க ஒரு பெண்மணியிடம் கேட்டால், நான் வந்த வழியையே கை காட்டினார். தெற்கு அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும் என்று பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன், காலுக்குத்தான் அது தெரியவில்லை. சூரியனைப் பார்த்து நின்றால் அது வலமிருந்து இடமாக நகர்கிறது. அந்த வாரமே முழுநிலாவும் வந்தது, அதில் நம் முயல் தலைகீழ்!

கே: விமான நிலையத்தில் பெட்டியைக் குடைந்து எடுப்பார்களாமே?

ப: எழுதிக் கொடுத்துவிட்டால் பயமில்லை. மலையேறிய ஷூ இருக்கிறது என்று படிவத்தில் குறித்திருந்தேன். அதிகாரி அதைக் கவிழ்த்துப் பார்த்து, பள்ளத்தில் காய்ந்திருந்த மண்ணை விரலால் சுரண்டி, உள்ளே கொண்டுபோய்க் கழுவி, ஈரத்தோடு திருப்பித் தந்தார். வாங்கிய நாளுக்கப்புறம் அது அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. மறைத்து மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேனெல்லாம் எடுத்துப் போகவே கூடாது. தீவு நாடு, பண்ணைகளை நம்பிப் பிழைப்பது. வெளியூர் விதையோ பூச்சியோ புகுந்துவிட்டால் அவ்வளவுதான் என்ற கவலை. எனக்கு அந்தக் கெடுபிடி நியாயமாகவே பட்டது.

கே: தூக்கம் எப்படி?

ப: கேட்காதீர்கள். ஜூலையில் அவர்கள் நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு இரண்டு மணி என்றால் என் உடம்புக்கு அப்போதுதான் மாலை ஏழரை, யார் தூங்குவார்கள்? பலருடைய உடம்புக் கடிகாரமும் 24 மணிக்குச் சற்று மேலே ஓடுவதால் நாளை நீட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளும், கிழக்கே பறந்து சுருக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். ஆறாம் நாள்தான் நன்றாகத் தூங்கினேன். ஏழாம் நாள் காலை திரும்பும் விமானம்.